காசினி மறைந்த மாலை

2017 செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை, நம் கடிகாரத்தில் மாலை 5.25. சனிக்குப் போன காசினி விண்கலத்தின் கடைசிக் குரலை ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருகே உள்ள பெரிய ஆன்டெனா கேட்டது. கலிஃபோர்னியாவின் பசடேனாவில் அதை வழிநடத்தி இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் திரையில் நெட்டுக்குத்தாக நின்ற சமிக்ஞைக் கோடு சரிந்து, இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்துபோயிற்று. சனியிலிருந்து ஒளியின் வேகத்தில் சேதி வந்து சேரவே அன்று 83 நிமிடம். தந்தி கைக்கு வருவதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருந்த அந்தக் காலத்துச் சாவுகளைப் போல, நாம் கைபேசியைப் பார்த்துப் பதைத்துக்கொண்டிருந்தபோதே அது அங்கே இல்லை.

பெயர் வைத்தவர்கள் நினைத்தது ஜியோவானி தொமெனிக்கோ காசினியை; 1675-ல் சனியின் வளையத்துக்குள் ஓர் இருண்ட இடைவெளியைக் கண்டவர், அதன் நிலாக்களில் நான்கைக் கண்டறிந்தவர். ஆனால் நம் காதில் அந்தப் பெயர் வேறு மாதிரி விழுகிறது. காசினி என்றால் உலகம். பழஞ்செய்யுளில் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தற்செயல்தான். ஆனாலும் 27 நாட்டவர் உழைப்பில் உருவாகி, இந்தப் பூமியின் கண்ணாகவும் காதாகவும் அவ்வளவு தூரம் போன ஒன்றுக்கு, நாமே தேடியிருந்தாலும் இதைவிட நல்ல பெயர் கிடைத்திருக்காது.

போன இடமும் நமக்கு அந்நியமல்ல. மைம்மீன் என்றும் காரி என்றும் மந்தன் என்றும் தலைமுறை தலைமுறையாக அழைத்து, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 ஆண்டு எடுக்கும் அதன் மெல்லிய நடையை வெறும் கண்ணால் கணக்கிட்டு, ராசிக்கு இரண்டரை ஆண்டு என்று வகுத்து, அந்தக் கணக்கில் வந்த ஏழரைக்கு அஞ்சி எள் விளக்கு ஏற்றி வந்தவர்கள் நாம். அந்தக் கோளின் வாசலில்தான் காசினி 13 ஆண்டு குடியிருந்தது.

1997 அக்டோபர் 15 அன்று ஃபுளோரிடாவின் கேப் கனவெரலிலிருந்து கிளம்பியபோது அதன் எடை, எரிபொருளும் சேர்த்து, ஐந்தரை டன்னுக்கு மேல். தலையில் நான்கு மீட்டர் அகல ஆன்டெனா. பூமியில் விழும் வெயிலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் சனியில் விழும் என்பதால், மின்சாரத்துக்காக 33 கிலோ புளூட்டோனியம். அந்தப் புளூட்டோனியத்துக்காகவே அதை அனுப்பக் கூடாது என்று போராடியவர்கள் உண்டு. அவர்கள் அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வெள்ளியை இருமுறை, பூமியை ஒருமுறை, வியாழனை ஒருமுறை ஒட்டிக் கடந்து, ஒவ்வொரு கோளிடமும் கொஞ்சம் வேகத்தைக் கடன் வாங்கி, ஏறக்குறைய ஏழாண்டு பயணத்தில் 2004 ஜூலை 1 அன்று சனியைச் சேர்ந்தது. வளையங்களின் இடைவெளிக்குள் நுழைகையில் தூசு தாக்காதிருக்க, அந்த ஆன்டெனாவையே குடைபோல முன்னால் பிடித்துக்கொண்டு போயிற்று.

மடியில் ஒரு பிள்ளையும் இருந்தது. ஐரோப்பியர் செய்த ஹைகன்ஸ் என்னும் சிறு கலம். கிறிஸ்துமஸ் நாளில் அதை இறக்கிவிட, 2005 ஜனவரி 14 அன்று டைட்டன் நிலாவின் ஆரஞ்சு மூட்டத்துக்குள் இரண்டரை மணி நேரம் பாராசூட்டில் மிதந்து தரை தொட்டது. அது அனுப்பிய படத்தில் ஆற்றுப்படுகைக் கூழாங்கற்களைப் போல உருண்டு மழுங்கிய கற்கள். பார்த்தால் கல், உண்மையில் பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரிக் குளிரில் இறுகிய பனிக்கட்டி. அவற்றை உருட்டி மழுக்கியது நீரல்ல, திரவ மீத்தேன். காசினியின் இரண்டு வாங்கிகளில் ஒன்றை இயக்கும் கட்டளை விடுபட்டுப்போனதால் பாதிப் படங்கள் காற்றோடு போயின. பிள்ளை பேசியதைத் தாய் ஒரு காதால்தான் கேட்டது.

சனியைப் பற்றி அது சொன்னவற்றை எழுத இடம் போதாது. வடதுருவத்தில் சுழலும் அறுகோணத்தின் ஒரு பக்கத்திலேயே பூமியைக் கிடத்திவிடலாம். இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் அகலம் பரந்த வளையங்கள், பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் கனம்கூட இருக்காது. அவை கோளோடு பிறந்தவை அல்ல, மிகப் பிந்தி வந்தவை என்று இன்று பலர் கருதுவதற்கும் காசினியின் கடைசி மாதங்களின் அளவீடுகளே காரணம்.

ஆனால் அதன் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது வேறொன்று. என்சிலாடஸ் என்று ஒரு நிலா, விட்டம் 500 கிலோமீட்டர் சொச்சம், பனி மூடிய வெள்ளை உருண்டை. 2005 தொடக்கத்தில் அதைக் கடந்தபோது காந்தமானியில் மட்டும் ஏதோ இடறியது. அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டவர்கள் வற்புறுத்தவே, அடுத்த முறை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டிய கலத்தை 175 கிலோமீட்டர் வரை நெருங்கச் செய்தார்கள். தென்துருவத்தில் நான்கு நீண்ட வெடிப்புகள், அவற்றில் சூடு, அவற்றிலிருந்து விண்வெளிக்குப் பீறிடும் நீராவியும் பனித்துகளும். பனி ஓட்டுக்குக் கீழே உப்புக்கடல். பிற்பாடு அந்தப் பீறலுக்குள்ளேயே புகுந்து முகர்ந்து, ஹைட்ரஜன் இருக்கிறது என்றும் சொன்னது. கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கலாம், உயிருக்கு உணவு இருக்கலாம். உயிர் உண்டா என்று பார்க்கும் கருவி மட்டும் அதனிடம் இல்லை.

2013 ஜூலை 19 அன்று சனியின் நிழலில் நின்று பூமியைப் படம் பிடித்தது. முன்கூட்டியே சொல்லிவைத்து எடுத்த படம். பலர் வானத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். வளையங்களுக்குக் கீழே, 144 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், எள்ளைவிடச் சிறிய நீலப்புள்ளி. அன்று இருந்த நாம் எல்லோரும் அதற்குள் இருக்கிறோம். இன்று இல்லாத என் அப்பாவும் இருக்கிறார்.

எரிபொருள் தீரும் காலம் வந்தது. அப்படியே விட்டிருந்தால் வழிநடத்த ஆளின்றி இன்றும் சனியைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் என்றாவது என்சிலாடஸின் மீது விழுந்தால்? பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர் ஏதேனும் பிழைத்திருந்து அந்தக் கடலில் கலந்தால்? அங்கே ஏதும் இருக்கிறதோ இல்லையோ, அதன்மேல் நம் கை படக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவு, அன்றும் அதில் எனக்குக் குறையில்லை. அந்தக் கடலைக் கண்டு சொன்னதே காசினி, கண்டு சொன்னதாலேயே அதற்கு இந்த முடிவு என்பதைத்தான் மனம் இன்னும் ஏற்க மறுக்கிறது.

கடைசி ஐந்து மாதம், எந்தக் கலமும் போகாத இடத்தில், வளையத்துக்கும் கோளுக்கும் இடையே 22 முறை புகுந்து வந்தது. செப்டம்பர் 11 அன்று டைட்டனைத் தொலைவிலிருந்து கடந்தபோது, அந்த நிலாவின் ஈர்ப்பே அதைச் சனியை நோக்கித் திருப்பிவிட்டது. உடனிருந்தவர்கள் அதை விடைபெறும் முத்தம் என்றார்கள். விழுவதற்கு முந்தைய நாள் எடுத்த கடைசிப் படம் அது விழப்போகும் இடத்தின் படம்தான். சனியின் இரவுப் பக்கம், வளையங்களிலிருந்து சிதறிய ஒளியில் மங்கலாக. மறுநாள் கேமரா இல்லை. மணிக்கு ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் இறங்கியபடி, அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பதை முகர்ந்து முகர்ந்து அப்போதைக்கப்போது சொல்லிக்கொண்டிருந்தது. காற்று தள்ளத் தள்ள, சின்னஞ்சிறு உந்திகளை முழு மூச்சாக இயக்கி, ஆன்டெனாவின் முகம் பூமியை விட்டு விலகாமல் பிடித்தது. எதிர்பார்த்ததற்கு மேல் அரை நிமிடம் போலத் தாக்குப்பிடித்தது. பிறகு முகம் திரும்பிவிட்டது.

இருட்டியதும் மொட்டைமாடிக்குப் போனேன். தெற்கே, கேட்டை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, இமைக்காமல் வெளிர்மஞ்சளாக நின்றிருந்தது சனி. துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, "என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க?" என்றார். "சனிங்கம்மா. நம்ம ஊர்லேர்ந்து போனது ஒண்ணு இன்னிக்கு அங்க முடிஞ்சு போச்சு."

"சனியை நேரா நின்னு பாக்கக் கூடாதுன்னு சொல்வாங்க" என்றார். சொல்லிவிட்டு, துணிகளைத் தோளில் போட்டபடி, அவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.