விக்டோரியா மன்றமும் நம் உரிமைக் குரலும்

சென்னை சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தை அடுத்து, ரிப்பன் மாளிகையின் அருகே செந்நிறத்தில் நிமிர்ந்து நிற்பது விக்டோரியா பொது மன்றம். நம் மாவட்டத்திலிருந்து சென்னை செல்வோர் அதனைக் கண்டிருப்பர். அதனுள் நம் முன்னோர் குரல் ஒலித்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

நகருக்கு ஒரு பொது மன்றம் வேண்டுமென 1882-இல் சென்னைப் பிரமுகர்கள் கூடி முடிவு செய்தனர். மாநகராட்சி நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு அளித்தது. 17-12-1883 அன்று விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். சிஷோம் வரைபடம் வகுத்தார்; நம்பெருமாள் செட்டியார் கட்டினார். பொருள் பொதுமக்கள் நன்கொடை. நிர்வாகம் அறங்காவலர் கையில். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் நிறுவிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கு அரங்கேறின.

1892-இல் சென்னை மகாஜன சபையார் இம்மன்றத்தில் மாநாடு கூட்டினர். நீலகிரிப் பிரதிநிதியாக வந்த பண்டிதர் அயோத்திதாசர் எழுந்து, எம்மவர்க்கு ஆலய நுழைவு ஏன் இல்லை என்று வினவினார். சிறுதெய்வங்களே உங்களுக்கு உரியன என்று ஒருவர் ஏளனமாக விடையளித்தார். பண்டிதர் தளரவில்லை. அவ்வாறாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டா. எம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், எம் மக்களுக்குத் தரிசு நிலமும் தருக என்றார். இதனைப் பிற்காலத்தில் தம் 'தமிழன்' இதழில் அவரே பதிவு செய்துள்ளார்.

பொதுப்பணத்தில், பொது நிலத்தில் எழுந்த மன்றத்திலேயே நம்மவர் சமத்துவத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தலாகாது என்னும் விதி, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில் இடம்பெற்றது. அதனை உருவாக்கிய வரைவுக் குழுவின் தலைவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை நாம் மறத்தலாகாது.

மன்றத்தின் பிற்கால வரலாறும் ஒரு பாடம். குத்தகைக் காலம் முடிந்தபின் அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் உரிமை வழக்கு எழுந்தது. கட்டடம் பல்லாண்டு பாழ்பட்டுக் கிடந்தது. அண்மையில் மாநகராட்சியே அதனைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டது.

இருபத்தைந்து ஆண்டு நிறைவுறும் நம் சங்கத்தார் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும். பத்திரமும் கணக்கும் சீராக இருப்பின் கட்டடம் நிலைக்கும். பொதுக்குழு தவறாது கூடின் நிர்வாகம் நேராகும். பண்டிதர் அன்று ஆலயத்தை விடுத்துப் பள்ளியைக் கேட்டார். அப்பள்ளியைக் காத்தல் நம் கடன்.