திறக்கப்பட்ட ஏடுகள்

முடியாட்சியில் அரசனின் அந்தரங்கம் அரண்மனையோடு அடங்கிற்று. மக்களாட்சியிலோ அரசின் ஏடு மக்களின் உடைமை. எனினும், அவ்வேடு எப்பொழுது திறக்கப்படல் வேண்டும்?

பிரித்தானியாவின் 1958ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், 50 ஆண்டுகள் சென்ற பின்னர் என விடை பகர்ந்தது. ஒரு தலைமுறை மறைந்தபின் வெளிவரும் உண்மையாற் பயன் யாது? 1967இல், ஹரல்ட் வில்சனின் ஆட்சியில், அக்காலம் 30 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் பயனைச் சுயெஸ் விவகாரம் காட்டும். எகிப்தை இஸ்ரேல் தாக்குமென்பது முன்கூட்டித் தெரியாது எனப் பிரதம மந்திரி அந்தனி ஈடன் 1956 டிசெம்பரிற் பாராளுமன்றத்திற் கூறினார். ஆனால், தாக்குதலுக்குச் சில நாட்களுக்கு முன்னரே பிரித்தானியா, பிரான்சு, இஸ்ரேல் ஆகிய மூன்றும் பிரான்சின் செவ்ர் நகரில் இரகசிய உடன்பாடு செய்திருந்தன. அவ்வாண்டுக் கோவைகள் 1987இல் திறக்கப்பட்டன. பழைய சட்டம் நிலைத்திருப்பின் 2007 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும்.

ஆயினும், உடன்பாட்டின் பிரித்தானியப் பிரதி அக்கோவைகளில் இல்லை. ஈடனின் கட்டளையால் அது அழிக்கப்பட்டது. இஸ்ரேலிற் பேணப்பட்ட பிரதியே எஞ்சிற்று.

2010ஆம் ஆண்டுச் சட்டம் 30 ஆண்டை 20 ஆக்கிற்று. காலத்தைக் குறைக்கச் சட்டம் வல்லது. அழிந்த ஏட்டை மீட்க எச்சட்டமும் வல்லதன்று. ஆதலின், ஏட்டைத் திறக்குஞ் சட்டத்துக்கு முன்னே, அதனைக் காக்குஞ் சட்டம் வேண்டும்.