உங்க நாய் பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்குதா? இடுப்பைக் கவனிங்க!

பைக் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிவந்த நாய், இப்போ படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டுதா? 'வயசாயிடுச்சு, அப்படித்தான்'னு விட்டுடாதீங்க. அது வலியாக இருக்கலாம்.

என்ன பிரச்னை?

தொடை எலும்பின் பந்து போன்ற முனை, இடுப்புக் குழிக்குள் கச்சிதமாகப் பொருந்திச் சுழல வேண்டும். குழி ஆழமில்லாமல் மூட்டு தளர்வாக வளர்ந்தால், அதுதான் 'ஹிப் டிஸ்பிளேசியா'. நாளடைவில் மூட்டு தேய்ந்து வாதமாகிவிடும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் போன்ற கனமான இனங்களில் அதிகம். பரம்பரையாக வருவது என்பதால், பாதிப்புள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

அறிகுறிகள்

* எழுந்திருக்கத் தடுமாறுவது, படியேறத் தயங்குவது
* ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவுவது
* தொடைச் சதை மெலிந்துபோவது

இதெல்லாம் இருந்தாலே இடுப்புதான் என்று முடிவுகட்ட முடியாது. உண்ணிக் காய்ச்சல், முழங்கால் ஜவ்வுக் கிழிசல், தண்டுவடப் பிரச்னையிலும் நாய் நொண்டும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை செய்தால்தான் எதுவென்று தெரியும்.

எடைதான் முதல் மருந்து

அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். அதில் பாதி நாய்களுக்கு 25 சதவிகிதம் குறைவாக உணவு கொடுக்கப்பட்டது. அவற்றுக்கு இடுப்பு மூட்டுவாதம் தாமதமாகத்தான் வந்தது. ஆயுளும் சராசரியாக 1.8 ஆண்டுகள் கூடியது. உங்க நாயின் விலாவைத் தடவிப் பாருங்க. எலும்பு கையில் லேசாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படலைன்னா சோற்றையும் பிஸ்கட்டையும் குறைக்கணும். பெரிய இனக் குட்டிகளுக்கு டாக்டர் சொல்லாமல் கால்சியம் டானிக் ஊற்றாதீங்க. அதிகக் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கள்ளக்குறிச்சி டவுன் வீடுகளில் வழுக்கும் டைல்ஸ் தரை. கல்வராயன் மலைக் கிராமங்களில் ஏற்ற இறக்கமான பாதை. ரெண்டுமே வலிக்கிற இடுப்புக்குச் சோதனைதான்.

* நாய் நடமாடும் இடத்தில் ரப்பர் மேட் அல்லது கோணிச் சாக்கு விரிங்க.
* சமதளமான மண் பாதையில், கயிறு போட்டுக் கொஞ்ச தூரம், தினமும் நடக்க விடுங்க. குதிக்க விடாதீங்க.
* படியேறும்போது அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்குங்க.
* மலையில் பனிக்காலத்தில் வெறுந்தரையில் படுக்க விடாமல், கெட்டியான படுக்கை போடுங்க.

இதை மட்டும் செய்யாதீங்க

நமக்கு வாங்கிவைத்த வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. ஐபுப்ரோஃபென் நாயின் குடலில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். நாய்களுக்கென்றே வலி மருந்துகள் உண்டு. அளவை டாக்டர்தான் சொல்லணும்.

எங்கே காட்டுவது?

முதலில் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை. அடுத்தகட்டப் பரிசோதனை தேவைப்பட்டால், சின்னசேலம் தாண்டி, சேலம் மாவட்டம் தலைவாசலில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்தில் அடங்காத வலிக்கு அறுவை சிகிச்சையும் உண்டு.

தேய்ந்த மூட்டை மருந்தால் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் எடையைக் குறைத்து, வலியையும் கட்டுப்படுத்தினால் பல நாய்கள் வருஷக்கணக்கில் நிம்மதியாக நடமாடும். அதனால் இன்னிக்கே விலாவைத் தடவிப் பார்த்துடுங்க!