தூணும் தப்பும்

இங்கிலாந்தின் பருத்தி ஆலை நகரமான பர்ன்லிக்கு மேலேயுள்ள குன்றில் 2006-ஆம் ஆண்டு ஒரு சிற்பம் எழுந்தது. எஃகுக் குழாய்களை மரம்போல் அடுக்கியது. காற்றுப் புகுந்தால் பாடும். எவரும் அருகே சென்று கேட்கலாம்.

ஒலிக்கும் சிற்பம் நமக்குப் புதிதன்று. நெல்லையப்பர் கோவிலில் தட்டினால் இசைக்கும் கற்றூண்களை நம் சிற்பிகள் எந்நாளோ செதுக்கிவிட்டனர். ஆனால் சென்னை மாகாணத்தில் 1939-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வருமுன், ஒடுக்கப்பட்ட மக்கள் அத்தகைய தூண்களைத் தொட்டுப் பார்த்தவர்களல்லர். தட்டும் உரிமை யாருக்கு என்பதன்றோ கேள்வி!

அம்மக்களில் பலர்தாம் கோப்பிக்கும், 1867-க்குப் பின் தேயிலைக்குமாக இலங்கை மலையகம் ஏறினர். உடன் கொணர்ந்த ஒலி, தப்பு. துரைமார் அதையும் விட்டுவைக்கவில்லை. விடியுமுன் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு விரட்டும் கருவியாக்கினர். காமன் கூத்திலும் சாவு வீட்டிலுமே அது மீண்டும் அவர்களுடையதாயிற்று.

நுவரெலியாப் பூங்கா இன்றும் விக்டோரியா அரசியின் பெயரைச் சுமக்கிறது. அங்கே குழந்தைகள் தட்டி மகிழ ஒரு கற்றப்பை நிறுவலாகாதா? அது ஒலிக்கும் நேரத்தைத் தோட்டத்து மக்களே முடிவுசெய்யட்டும். விடியற்காலை மட்டும் வேண்டாம் என்பார்கள் என்றே எண்ணுகிறோம்.