மத்தியதரைக்கடல் பழ ஈயின் மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகை

ஆப்பிரிக்காவில் தோன்றி மத்தியதரைக்கடல் நாடுகள், தென் அமெரிக்கா, ஹவாய் எனப் பரவிய இந்த ஈயின் (செராட்டிடிஸ் கேப்பிட்டேட்டா) முழு மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. வரிசை 2000-இல் வெளியானது. வளைய வடிவம், நீளம் 15,980 கார இணைகள். பெரும்பாலான விலங்குகளைப் போலவே இதிலும் 37 மரபணுக்கள் உள்ளன. புரதங்களுக்கு 13, எஞ்சியவை ஆர்.என்.ஏ.க்களுக்கு உரியவை.

இவ்வரிசையின் பெரும்பயன், பூச்சி வந்த வழியைத் துப்பறிவதே. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே கடத்தப்படுவதால், புதிய இடத்தில் பிடிபடும் ஈ எந்தப் பகுதிக் கூட்டத்தைச் சேர்ந்தது என ஒப்பிட்டு ஊகிக்கலாம். ஆரஞ்சு, பீச், காப்பி உட்பட 200-க்கும் மேற்பட்ட தாவரங்களின் கனிகளை அழிக்கும் பூச்சியின் விஷயத்தில் இந்தத் தடயம் மிக அவசியம். கலிபோர்னியாவில் 1980-களில் நிகழ்ந்த இதன் படையெடுப்பே அந்த அவசியத்துக்குச் சான்று. ஆனால் மைட்டோகாண்ட்ரிய வரிசை தந்தைவழியைக் காட்டாது. உட்கரு மரபணுக் குறிப்பான்களையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.