பத்து பர்சென்ட் புகை

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். கனடாவை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. குளிர்காலம் வந்தால் வாசலில் நின்று ஒரு சிகரெட் பிடிப்பதற்குள் விரல் மரத்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் 2007 அக்டோபர் 1-ம் தேதி முதல், பாருக்குள் யாரும் புகை பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. வியாபாரம் படுத்தது என்று முதலாளிகள் புலம்பினார்கள். ஒரு புண்ணியவான் சட்டத்தை வரிவரியாகப் படித்தார். உள்ளே ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. நாடக மேடையில் நடிக்கிறவர், காட்சிக்குத் தேவையென்றால் புகைக்கலாம்!

அப்புறம் என்ன? 2008-ன் ஆரம்பத்தில் மின்னசோட்டா பார்களில் திடீரென்று கலை வளர்ந்தது. வாசலில் 'இன்று நாடகம்' என்று நோட்டீஸ். உள்ளே வருகிறவருக்கெல்லாம் சட்டையில் குத்திக்கொள்ள 'நடிகர்' என்று ஒரு பேட்ஜ். பார் ஸ்டூல்தான் மேடை. பீர் குடிப்பதும் புகை விடுவதும்தான் நடிப்பு. வசனம்? வழக்கமாக பாரில் பேசுவதுதான். சுகாதாரத் துறைக்காரர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, இது நாடகம் இல்லை, நாடகமாடுவது என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட்டும் அதையே சொன்னது. திரை விழுந்தது.

சிரிக்கலாம். ஆனால் ஒன்றை கவனியுங்கள். ஒரு சட்டம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், அது எதைத் தடுக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. யாரை விட்டுவிடுகிறது என்றும் பார்க்க வேண்டும். மின்னசோட்டாக்காரர்கள் விதிவிலக்கைத் திருடப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். அதே விதிவிலக்கை சட்டமே கூப்பிட்டுக் கையில் கொடுத்த கதை நியூயார்க்கில் நடந்தது.

நியூயார்க் நகரத்தில் 1995-லேயே ஒரு புகைத்தடைச் சட்டம் உண்டு. 35 இருக்கைக்கு மேல் உள்ள உணவகங்களுக்கு மட்டும். சின்ன ஓட்டல், பார் எல்லாம் தப்பித்தன. அப்போது மேயர் ரூடி ஜூலியானி. சுருட்டுப் பிரியர் என்பது ஊருக்கே தெரியும். அவருக்குப் பின்னால் வந்த மைக்கேல் ப்ளூம்பெர்க், ஒரு காலத்தில் புகைத்து, விட்டொழித்தவர். விட்டவர்களுடைய வேகம் உங்களுக்குத் தெரியாதா? 2002 டிசம்பர் 30 அன்று புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2003 மார்ச் 30 முதல் அமல். பார் உட்பட எல்லா இடத்திலும் தடை.

அவர் சொன்ன காரணம் முக்கியம். வாடிக்கையாளர் விரும்பித்தான் பாருக்கு வருகிறார், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். ஆனால் கோப்பை கழுவுகிறவர் எழுந்து போக முடியுமா? சம்பளத்துக்காக ராத்திரி முழுக்க அடுத்தவர் புகையைக் குடிக்கிறார். அவரைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம்.

வாதத்தில் ஓட்டையே இல்லை. 1981-ல் ஜப்பானில் ஹிரயாமா என்ற மருத்துவ ஆய்வாளர், புகைக்காத மனைவிமார் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் பேரை 14 வருடம் தொடர்ந்து கவனித்து, கணவன் ஊதித்தள்ளுகிற வீட்டில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று காட்டிவிட்டார். சிகரெட் கம்பெனிகள் அவர் கணக்கைக் குடைந்து குடைந்து பார்த்தன. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையேதான் சொல்லின.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சின்னப் பத்தி. சிகார் பார்களுக்கு மட்டும் விலக்கு.

இந்த சிகார் பார் பூதம் எங்கிருந்து வந்தது? சுருட்டு என்றால் நமக்கு உறையூர். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு லண்டன் வரை போய், சாம்பலைப் பார்த்தே ஷெர்லாக் ஹோம்ஸ் அடையாளம் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பேர் வாங்கியது (1887-ல் வந்த முதல் கதையிலேயே). அமெரிக்காவில் சுருட்டு, கிழவர்கள் சமாசாரமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. 1992-ல் மார்வின் ஷாங்கன் என்பவர் 'சிகார் அஃபிஷியனாடோ' என்று பளபள பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தார். நடிகர், நடிகை, கோடீஸ்வரர் எல்லோரும் அட்டையில் சுருட்டோடு நின்றார்கள். அவ்வளவுதான். வால் ஸ்ட்ரீட் பையன்களெல்லாம் சுருட்டும் கையுமாக அலைய ஆரம்பித்தார்கள். அவர்கள் உட்கார்ந்து புகைக்க தோல் சோபா, மங்கல் விளக்கு, விலையுயர்ந்த விஸ்கி சகிதம் சிகார் பார்கள் முளைத்தன. சுவரோரம் ஹியூமிடர்கள். அதாவது சுருட்டு காய்ந்துபோகாமல் ஈரப்பதத்தில் வைத்திருக்கும் தேவதாரு மரப் பெட்டி. பேங்க் லாக்கர் மாதிரி ஆளுக்கொன்று வாடகைக்கு.

சட்டம் போட்டவர்கள் முன்னால் இந்த பார் முதலாளிகள் வந்து நின்றார்கள். 'ஐயா, எங்களிடம் வருகிறவன் புகைக்கத்தான் வருகிறான். புகை கூடாது என்றால், சாப்பாடு கூடாது என்று ஓட்டலுக்குச் சொல்வது மாதிரி.' நியாயம்தானே? சரி, உண்மையான சிகார் பார் எது, நாளைக்கே போர்டை மாற்றி மாட்டுகிற டூப்ளிகேட் எது? மின்னசோட்டா விவகாரம் தெரிந்த நமக்கு இந்த பயம் புரியும்.

கண்டுபிடித்தார்கள் ஒரு ஃபார்முலா. மொத்த வருமானத்தில் 10 சதவிகிதமாவது, அங்கேயே விற்கும் புகையிலைப் பொருட்களிலும் ஹியூமிடர் வாடகையிலும் வந்திருக்க வேண்டும். 2003 ஜூலையில் அமலுக்கு வந்த நியூயார்க் மாநிலச் சட்டம், 2002-ம் வருடக் கணக்கைக் காட்டு என்றது. மெஷினில் காசு போட்டு எடுக்கிற சிகரெட் சேர்த்தி கிடையாது. அதோடு விடவில்லை. வருடா வருடம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போதும் அந்த 10 சதவிகிதம் இருக்க வேண்டும். கடையைப் பெரிதாக்கக் கூடாது. இடம் மாற்றக் கூடாது.

பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கை கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். ஒரு பாருக்கு வருட வருமானம் 100 ரூபாய், அதில் சுருட்டு 10 ரூபாய் என்று வையுங்கள். பாஸ். அடுத்த வருடம் விஸ்கி நன்றாக விற்று மொத்தம் 120 ஆகிவிட்டது. சுருட்டு அதே 10. இப்போது எட்டரை சதவிகிதம்கூட முழுசாக இருக்காது, 8.3 வரும். விலக்கு காலி! வியாபாரம் நன்றாக நடந்ததற்குத் தண்டனை. தப்பிக்க ஒரே வழி, இன்னும் 2 ரூபாய் 22 பைசாவுக்கு சுருட்டு விற்பது (விற்ற சுருட்டு மொத்தக் கணக்கையும் ஏற்றுமே!). ஆக, புகையைக் குறைக்க வந்த சட்டம், அந்த நாலு சுவருக்குள் மட்டும் புகையைக் குறையவிடாமல் பார்த்துக்கொள்கிறது. எந்த அதிகாரி உட்கார்ந்து யோசித்தாரோ!

தேதி வைத்து பழைய கடைகளுக்கு மட்டும் சலுகை தருவதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. 'கிராண்ட்ஃபாதர் கிளாஸ்'. தாத்தா விதி. சாதுவான பெயர், பூர்வீகம் கேவலமானது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பர்கள் ஓட்டுப் போடாமல் தடுக்க, எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி என்றெல்லாம் வைத்தார்கள். ஏழை வெள்ளைக்காரனும் அதில் மாட்டினான். அவனைக் காப்பாற்ற, 1898-ல் லூசியானாவில் ஒரு விதி: 1867 ஆரம்பத்தில் உன் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டு இருந்ததா? நீ தேர்வு எழுத வேண்டாம். கறுப்பர்களின் தாத்தா அப்போதுதான் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்திருந்தார். அவருக்கு ஏது ஓட்டு? 1915-ல் உச்ச நீதிமன்றம் இந்த வகை விதியைத் தூக்கி எறிந்தது. பெயர் மட்டும் பிழைத்து, சுருட்டுக்கடை வரை வந்துவிட்டது.

கொலராடோ 2006-ல் தடை கொண்டுவந்தபோது 5 சதவிகிதம் போதும், அல்லது வருடம் 50,000 டாலருக்கு விற்றாலும் போதும் என்றது. இங்கிலாந்து 2007-ல் பார்களை அடியோடு மறுத்துவிட்டது. விற்பனையில் பாதிக்கு மேல் சுருட்டு, பைப் புகையிலை வகையறாவாக இருக்கும் தனிக் கடைகளில் மட்டும் வாங்குமுன் 'ருசி' பார்க்கலாம். பார்த்தன லண்டனின் பெரிய ஹோட்டல்கள். சுவரில் பாதிக்கு மேல் திறந்திருந்தால் அது 'உள்ளே' இல்லையே? ஹீட்டர் வைத்து, கம்பளி போர்த்தி, மொட்டை மாடி சுருட்டுத் திண்ணை கட்டிவிட்டார்கள்.

ஐந்து, பத்து, ஐம்பது. எண்தான் மாறுகிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கலாம் என்கிறது அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் எரியும். சாதாரண பாரில் ஒருவர் பத்து நிமிடம் சிகரெட் பிடித்தால் பணியாளின் நுரையீரலுக்கு ஆபத்து என்று சொல்லித் தடுத்தார்கள். இருபது சுருட்டு ஒரே நேரத்தில் புகைகிற அறையில் தட்டு ஏந்துகிறவரை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் எதுவும் முழுசாக உதவாது என்று 2006-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கையே சொல்லிவிட்டது. எனக்கு இதில் புரிகிற ஒரே வித்தியாசம் சோபா. முக்குக்கடை பாரில் பெயின்ட்டரும் பிளம்பரும் சிகரெட் பிடித்தார்கள். அவர்களுக்கு லாக்கர் வாடகை கட்டி சட்டத்தின் முன் நிற்கத் தெம்பில்லை.

நம் ஊர் சட்டத்திலும் எண் உண்டு. 2003-ம் வருட மத்தியச் சட்டம் பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்றுவிட்டு, 30 அறை உள்ள ஹோட்டல், 30 பேர் உட்காரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் தனி இடம் ஒதுக்கலாம் என்கிறது. 29 பேர் உட்காரும் மெஸ்ஸுக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆனால் 2017-ல் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்தப் புகை அறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது. காபி வேண்டுமா? புகைத்து முடித்துவிட்டு நீங்கள்தான் எழுந்து வெளியே வர வேண்டும். சர்வர் உள்ளே வரமாட்டார்.