மோட்டார்சைக்கிள் எஞ்சின் பூச்சு

பழைய மோட்டார்சைக்கிள் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி மீண்டும் பூட்டும்போது அதன் வெளிப்புறத்தை எப்படி முடிப்பது என்ற கேள்வி எழுகிறது. கறுப்பு எனாமல், வெள்ளி நிறப் பெயிண்ட், பவுடர் கோட்டிங், பஃபிங் செய்த பளபளப்பு, எதுவும் பூசாத வெறும் வார்ப்பு எனப் பல வழிகள் உள்ளன. அழகு சார்ந்த தேர்வாகத் தோன்றினாலும், எஞ்சின் பூச்சின் வரலாறு உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் முயற்சியில்தான் தொடங்குகிறது. காப்புக்காகப் பூசப்பட்ட நிறங்கள் சில காலப்போக்கில் அந்த வண்டியின் அடையாளமாகவே மாறின.

இரும்பும் அலுமினியமும்

காற்றால் குளிரும் பழைய எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டு உலோகங்களால் ஆனவை. சிலிண்டர் வார்ப்பிரும்பு, கிராங்க் கேஸ் அலுமினியக் கலவை. இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் அதற்குப் பூச்சு தேவைப்பட்டது. அலுமினியம் காற்றுபட்டதும் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்வதால் அதை அப்படியே விடவோ பாலிஷ் செய்யவோ முடிந்தது. மேலே கறுப்பு, கீழே வெள்ளி என்ற தோற்றத்தை யாரும் வரைந்து உருவாக்கவில்லை. உலோகங்களின் இயல்பே அதைத் தீர்மானித்தது. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1936-இல் வெளியிட்ட எஞ்சினில் சிலிண்டரும் ஹெட்டும் இரும்பாக இருந்தன. 1948-இல் ஹெட் மட்டும் அலுமினியமானது. சிலிண்டரும் அலுமினியமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1948: கறுப்பும் பொன்னும்

எஞ்சின் நிறம் தனிக்கவனம் பெற்ற ஆண்டு என்று 1948-ஐச் சொல்லலாம். இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் இயங்கிய வின்சென்ட் நிறுவனம் அவ்வாண்டு 'பிளாக் ஷேடோ' என்னும் 998 சிசி வண்டியை வெளியிட்டது. மணிக்கு 125 மைல் வேகம் செல்லும் என்று நிறுவனம் கூறியது. அதன் உடன்பிறப்பான 'ரேப்பிட்' வண்டியின் எஞ்சின் வெறும் அலுமினிய நிறத்தில் இருந்தது. பிளாக் ஷேடோவின் எஞ்சின் உறுப்புகள் பைலுமின் என்னும் அரிப்புத் தடுப்பு வேதிமுறைக்கு உட்படுத்தப்பட்டு, பின் கறுப்பு எனாமல் பூசி அடுப்பில் சுடப்பட்டன. இரண்டு எஞ்சின்களும் அடிப்படையில் ஒன்றே. கூடுதல் வேகத்துக்கான மாற்றங்கள் உள்ளே இருந்தன. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது கறுப்பு மட்டுமே.

அதே ஆண்டில் லண்டனின் பிளம்ஸ்டெட் பகுதியிலிருந்து ஏ.ஜே.எஸ். 7ஆர் என்னும் 350 சிசி வகைப் பந்தய வண்டி வந்தது. எடையைக் குறைக்க அதன் எஞ்சின் உறைகள் மெக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டிருந்தன. மெக்னீசியம் ஈரம் பட்டால் வெண்பொடியாக அரித்துப் போகும். அதைத் தடுக்கப் பூசப்பட்ட காப்புப் பூச்சு பொன்னிறமானது. பந்தய ரசிகர்கள் அந்தப் பொன்னிறத்தைக் கொண்டே வண்டியை அடையாளம் கண்டார்கள். மெக்னீசியத்தை வெறுமனே விடுவது என்ற தேர்வு இவ்வகை எஞ்சினுக்கு இன்றும் இல்லை.

கறுப்பு குளிர்விக்குமா?

கறுப்பு பூசினால் எஞ்சின் நன்றாகக் குளிரும் என்ற கருத்து பட்டறைகளில் வெகுகாலமாக நிலவுகிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. பளபளப்பான அலுமினியம் வெப்பத்தைக் கதிர்வீசுவதில் மிகவும் பின்தங்கியது. முழுமையான கதிர்வீசியோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பெயிண்ட் பூசிய பரப்பு பத்தில் ஒன்பது பங்கு வீசும். ஆனால் இது பெயிண்டின் குணமே தவிரக் கறுப்பின் குணம் அல்ல. எஞ்சினின் வெப்பம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலைகளாக வெளியேறுவதால் வெள்ளைப் பெயிண்டும் ஏறத்தாழ அதே அளவு கதிர்வீசும்.

மேலும், ஓடும் வண்டியில் கதிர்வீச்சின் பங்கு சிறியது. 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உள்ள பரப்பு, 30 பாகைச் சூழலில், முழுமையான கதிர்வீசியாக இருந்தாலும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,300 வாட்தான் வீசும். ஓட்டத்தில் காற்று அள்ளிச்செல்லும் வெப்பம் இதைப்போலப் பல மடங்கு. சிலிண்டர் ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால், ஒன்று வீசுவதை மற்றொன்று வாங்கிக்கொள்ளவும் செய்கிறது. சிக்னலில் நிற்கும்போது பெயிண்ட் சற்று உதவும், அவ்வளவுதான்.

பெயிண்ட் போர்வைபோல வெப்பத்தை அடைத்துவிடும் என்ற எதிர்க்கருத்தும் மிகையானது. 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள பூச்சின் தடை, ஃபின்னை ஒட்டி நிற்கும் காற்றுப்படலத்தின் தடையோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதல்ல. பூச்சின்மேல் பூச்சாக ஏற்றி ஃபின்களின் இடைவெளியைக் குறுக்குவதுதான் கேடு.

நிறம் மரபானது

கவாசாகி நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த 903 சிசி 'இசட் 1' கறுப்பு எஞ்சினுடன் வந்து, 1974-ஆம் ஆண்டு மாதிரியில் வெறும் அலுமினியத்துக்குத் திரும்பியது. 1977-இல் ஹார்லியின் 'எக்ஸ்.எல்.சி.ஆர்.' எஞ்சின் உட்பட முழுக்கக் கறுப்பாக வெளிவந்தது. பின்னர் கறுப்பு எஞ்சின் உலகெங்கும் இயல்பானது. பாலிஷ் வேலையின் கூலி மிச்சமானதும் வார்ப்பின் குறைகள் மறைந்ததும் இதற்கு உதவின.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைத் தயாரித்தது. பல பத்தாண்டுகள் அதன் அடிப்படை வடிவம் மாறவில்லை. வார்ப்பிரும்புச் சிலிண்டர், பாலிஷ் செய்த அலுமினிய உறைகள் என்ற பழைய இருநிலைத் தோற்றமும் நீடித்தது. ஓட்டுநர்கள் இன்றும் 'காஸ்ட் அயர்ன் புல்லட்' என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். உப்புக்காற்றுள்ள கடலோர ஊர்களில் இந்தச் சிலிண்டரைப் பூசாமல் விட்டால் விரைவில் செந்துரு படரும். அலுமினிய உறைகளோ அவ்வப்போது தேய்த்துத் துடைத்தாலே போதும்.

மறுசீரமைப்பில் பூச்சு

மறுசீரமைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு நிறத்தில் இல்லை, பரப்பைத் தயாரிப்பதில் இருக்கிறது. பழைய பூச்சை நீக்கக் கண்ணாடி மணிகளையோ மணலையோ வீசும்போது, ஓரிரு துகள்கள் எண்ணெய் வழிகளில் தங்கிவிட்டாலும் புதிதாகப் போட்ட பேரிங்குகள் அழியும். அழகுக்காகச் செய்த வேலை எஞ்சினையே கொன்றுவிடும். எனவே துளைகளை அடைத்துவிட்டு வீசுவதும், பிறகு எல்லா வழிகளையும் கழுவிக் காற்றடிப்பதும் கட்டாயம். பெட்ரோல் சாதாரணப் பெயிண்டைக் கரைக்கும். வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பெயிண்டுகள் பல, சூடேற்றி இறுக்கிய பிறகே அதற்கு ஈடுகொடுக்கும். இரும்புச் சிலிண்டருக்கு இவ்வகைப் பெயிண்ட் ஏற்றது. பவுடர் கோட்டிங் உறுதியானது, ஆனால் தடிமன் கூடுதல். பொருந்தும் முகப்புகளிலும் திருகுத் துளைகளிலும் அது படிந்தால் உறுப்புகள் சரியாக அமராது.

நிறம் பொய் சொல்லவும் கூடும். ரேப்பிட் எஞ்சினுக்குக் கறுப்பு பூசி அதைப் பிளாக் ஷேடோ போலக் காட்டிவிடலாம். இரண்டுக்கும் சந்தை விலையில் பெரிய வேறுபாடு உண்டு. பிளாக் ஷேடோ வேகத்திறனோடு கறுப்பு பூசாத எஞ்சினுடன் வெளிவந்த 'ஒயிட் ஷேடோ' வண்டிகள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்றுக்குக் கறுப்பு பூசினால் அதன் அரிய அடையாளமே மறைந்துபோகும். இங்கே தீர்ப்புச் சொல்வது கிராங்க் கேஸில் பொறித்த எண். ரேப்பிட் எண் 'எஃப்10ஏபி/1' என்றும், பிளாக் ஷேடோ எண் 'எஃப்10ஏபி/1பி' என்றும் தொடங்கும். இந்தியப் பதிவுச் சான்றிதழிலும் எஞ்சின் எண் குறிக்கப்படுகிறது. எனவே எந்தப் பூச்சைத் தேர்ந்தாலும் எண் பொறித்த இடத்தை டேப் ஒட்டி மூடி, வீச்சும் பூச்சும் படாமல் காப்பது வழக்கம்.